எஞ்சினுக்கு எத்தனை குமிழ்?

“அந்த எஞ்சினுக்கு முதுகுல ரெண்டு குமிழ். உங்க பொம்மைல ஒண்ணுதான் இருக்கு. தூக்கிக் குப்பைல போடுங்க மாப்ள!”

என் அண்ணன் இப்படிச் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து வீடு போர்க்களம். பழைய நீராவி எஞ்சின்களைப் பார்த்துப் பொம்மை ரயில் செய்வதில் அவனுக்கும் என் கணவருக்கும் ஒரே பைத்தியம். கணவர் நூலகம், ரயில்வே அலுவலகம் என்று ஏறி இறங்கினார். அந்த எஞ்சினின் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. கோபத்தையெல்லாம் என்மேல் காட்டினார்.

நேற்றுதான் விடிந்தது. ரயில் பிரியர்களின் இணையக் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான், பெயர் போடாமல் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டிருந்தார். அதே எஞ்சின். ஒரே குமிழ்!

அண்ணனை வரவழைத்துப் படத்தை முகத்துக்கு நேரே நீட்டினார் கணவர்.

“நல்லா பாருங்க மச்சான்! நான் செஞ்சதும் இதுவும் அச்சு அசலா ஒண்ணா இல்ல? இனிமே வாயத் திறப்பீங்களா?”

அண்ணனின் முகம் தொங்கிப்போனது. பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவினான்.

“சக்கரத்துகிட்ட என்ன அது?”

“நாய். ஸ்டேஷன்னா நாய் இருக்காதா? தோத்ததும் நாயப் பிடிச்சுக்கிட்டீங்களா?”

“நாய்க்கு எப்படி மாப்ள ஆறு கால்?”

கணவர் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்த தன் எஞ்சினைப் பார்த்தார். கடைசியில் இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சமையல் மேடையில எறும்பு மேயுது, மருந்து வாங்கிட்டு வாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?”