திரை போட்ட வண்டி

ஓட்டுப்போடும் நாள். விடிந்ததுமே திரை போட்ட வில்வண்டி ஒன்று ஞானபாயின் வாசலில் வந்து நின்றது. வரி கட்டுகிறவர்களுக்கே ஓட்டு இருந்த காலம்; நிலவரி கட்டுவதால் அவளுக்கும் ஓட்டு உண்டு. பெண்களை ஏற்றிப்போக வண்டி வருவது வழக்கம்தான். ஆனால் வேட்பாளர் சுயம்புலிங்கமே தனியாக இறங்கி வந்ததுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“அக்கா, கொஞ்சம் வண்டிப் பக்கம் வரணும்.”

“வரமாட்டேன். புதுக்கடை ஊருல ஓட்டுக் கூட்டத்தில என்ன பேசினீரு? பேறு என்ன நோயா, பொம்பளைக்கு ஆசுபத்திரி ஒரு கேடான்னு கேட்டீருல்லா?”

“அது… கைதட்டுக்காகச் சொன்னது.”

“இது ஓட்டுக்காகச் சொல்லுதீராக்கும்!”

“உள்ள…” என்று அவர் திரையைக் காட்டினார்.

“உள்ள எத்தனை பொம்பளைய ஏத்தி வச்சிருக்கீரு?”

“ஓட்டே வேண்டாம் அக்கா. யாருக்கு வேணும்னாலும் போடுங்க.”

ஓட்டு வேண்டாம் என்கிற வேட்பாளரா? இதில் என்னவோ சூது இருக்கிறது. அவள் கதவைச் சாத்தப் போனாள்.

திரைக்குள்ளிருந்து ஒரு பெண் அலறினாள்.

“என் மவ, அக்கா. தலைப்பேறு. இந்தப் பக்கம் பேறு பாக்கப் படிச்ச ஆளு நீங்க மட்டுந்தானே!”

ஞானபாய் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“மவள உள்ள தூக்கிட்டு வாரும். அடுப்பைப் பத்தவச்சு வெந்நி போடும்.”

அவர் கைகால் உதற நின்றார்.

“பேறு என்ன நோயா, இப்படி நடுங்குததுக்கு?”