ஒன்பதாவது குழி

செல்லக்கனி எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

ஒன்பதாவது தூணுக்குக் குழி தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். அதற்கு நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், பந்தியில் இலைக்குக் காத்திருக்கிறவள் மாதிரி.

நான் மேஸ்திரி பொன்னுராஜ். அவள் என் பெண்டாட்டி. வீட்டில் போட்ட சண்டை போதாதென்று வேலையிடத்திலும் ஆரம்பிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சித்தாள் கிடைக்காத காலம் இது. ராஜபாளையத்தில் சேத்தூர் ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. முன்பெல்லாம் பிளான் அப்ரூவலுக்கு நகராட்சி ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேயும். இப்போது சின்ன வீடென்றால் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிறதாம். ஆளாளுக்கு வீடு கட்டுகிறான். நேற்று வந்த சித்தாளை இன்று வேறொருத்தன் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதனால்தான் மில்லுக்கு லீவு போடச் சொல்லிச் செல்லக்கனியை இழுத்து வந்தேன். இந்த லேஅவுட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

வேனை விட்டு இறங்கியதுமே அவள் போக்கு சரியில்லை. ஓடைப் பாலத்துச் சுவரைத் தொட்டுவிட்டு, வாய்க்குள் என்னவோ எண்ணிக்கொண்டே எட்டு வைத்து நடந்து வந்தாள். வந்து இங்கே உட்கார்ந்தவள்தான்.

"ஏட்டி, எந்திரி. பதினோரு மணிக்கு ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி வந்துரும். அதுக்குள்ள தோண்டிக் கம்பி எறக்கணும்."

அவள் தலை நிமிரவில்லை. "இந்தக் குழிய மட்டும் நாலடி தள்ளிப் போடுங்க."

நாலடியாம்! தூண் என்ன கட்டிலா, இழுத்துப் போட?

அப்ரூவலான பிளானில் சுற்றிலும் எத்தனை அடி விடச் சொல்லியிருக்கிறதோ அத்தனை அடி விட்டாக வேண்டும். ஒரு தூண் நகர்ந்தால் மொத்த வீடும் கோணல். இந்த லேஅவுட்டில் பதினொரு வீடு முடித்துவிட்டேன், இன்னும் முப்பது வீடு பாக்கி. அத்தனையும் எனக்குத்தான் என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு குழி பிசகினால் நாளைக்கே வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

இதையெல்லாம் கத்தித்தான் சொன்னேன். மற்ற ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மிச்சமிருந்த ஒரே சித்தாள் வெங்கடேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

இவளிடம் என்ன பேச்சு என்று கோட்டோரமாகக் கடப்பாரையை ஓங்கினேன். குத்துவதற்குள் இரண்டு கையாலும் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துங்க. நம்ம மூத்தவ இங்கனதான் கெடக்கா."

கடப்பாரையை அவள் கையிலேயே விட்டுவிட்டேன்.

எங்கள் மூத்தவள். இருபத்தொரு நாள் பிள்ளை. பேர்கூட வைக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள்.

அப்போது இந்த இடமெல்லாம் கருவேலங்காடு. எங்கள் தெருவில் பச்சைப் பிள்ளை இறந்தால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஓடையோரம் எங்கேயாவது புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கல் நட மாட்டார்கள். பெண்கள் போகவும் கூடாது. ஓடையோரம் என்று எனக்கும் தெரியும். ஓடை எம்புட்டு நீளம்!

செல்லக்கனி மறுநாள் விடியுமுன்னே தனியாக வந்திருக்கிறாள். பாலத்துச் சுவரிலிருந்து புதுமண் தெரிந்த இடம்வரை எட்டு வைத்து எண்ணியிருக்கிறாள். பதினெட்டு எட்டு என்று இப்போதுதான் சொன்னாள்.

அந்தப் பதினொரு வீட்டுக்கும் குழி போட்டவன் நான். யார் யார் பிள்ளை மேல் தூணை நிறுத்தினேனோ, அடக் கடவுளே! வெங்கடேஸ்வரி இப்போது சிரிக்கவில்லை.

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க ஒரு நாளாவது கேட்டீகளா?"

கேட்கவில்லை. அது உண்மைதான்.

இன்ஜினியர் பெலிக்ஸின் பைக் வந்து நின்றது. சுருட்டிய பிளானோடு இறங்கினவர் குழியில்லாத மூலையைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் நிப்பாட்டிக்குவோம் சார்" என்றேன். ஏனென்று அவரிடம் சொல்லவில்லை.

"லாரி கெளம்பிருச்சு மேஸ்திரி. ஒங்களுக்குத் தெரியாததா? கான்கிரீட்ட பாதியில நிப்பாட்ட முடியுமா?"

செல்லக்கனி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பிள்ளை போய்விட்டாள், உடனே வா என்று அவள் அண்ணன் சிவபாண்டி அன்றைக்குப் போன் பண்ணியபோது, நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஏறினால் அரை மணி நேரம். நான் ஏறவில்லை. கான்கிரீட் ஓடுது மச்சான், பாதியில நிப்பாட்ட முடியாது, நீங்களே முடிச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். அவன் பக்கத்திலிருந்து இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்லக்கனி எழுந்தாள். கடப்பாரையை என்னிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு எங்கண்ணன் தோண்டி வச்சான். இன்னைக்கு நீங்க தோண்டி எடுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டு நின்றாள்.