இதோ கிளம்பிடும்

"இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, ஏறுங்கக்கா!" என்று டிரைவர் எசென் கூவியதை நம்பித்தான் புருல் அந்தக் காரில் ஏறினாள். உள்ளே ஏற்கனவே மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிஷ்கெக்கிலிருந்து நாரினுக்கு ஐந்து மணி நேரம். நான்கு பேர் சேர்ந்துவிட்டால் கார் கிளம்ப வேண்டியதுதானே? கிளம்பினால்தானே!

"இதோ, அஞ்சே நிமிஷம்" என்ற எசென், செல்போனில் ஒரு ஒலிநூலைப் போட்டுவிட்டான். கரகரத்த குரலில் யாரோ கொலைக் கதை வாசித்தார். காருக்குள் ஒரு பெண் பிணமாகக் கிடக்கிறாள். கூட வந்த மூன்று பேரில் ஒருவன்தான் கொலைகாரன்.

புருல் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். அதற்குள் தங்கக் கம்மல் இருந்தது. மகனுக்குப் பார்த்த பெண்ணின் காதில் மூன்று மணிக்குள் அதைப் போட்டாக வேண்டும். நான்கு மணிக்கு இன்னொரு குடும்பம் அதே வீட்டுக்குக் கம்மலோடு வருகிறது. முதலில் போடுகிறவர்களுக்குத்தான் பெண்.

அரை மணி நேரம் போயிற்று. நாரினில் பனி கொட்டுகிறது, இந்த மூன்று பேரிடமும் ஒரு பை கூட இல்லை! ஒருவன் வீட்டுச் செருப்போடு வந்திருந்தான். எசென் கண்ணாடி வழியாக அவர்களுக்குக் கண்ணைக் காட்டினான். மூவரும் ஒன்றாக மறுத்துத் தலையாட்டினார்கள்.

எசென் இறங்கிப் பின்னால் போனான். அங்கே மூட்டைகளோடு மூன்று தடியர்கள். குசுகுசுவென்று பேசி, காரைக் கைகாட்டினான். கதையிலோ, பிணத்தின் கம்மலைக் காணோம்.

"ஐயோ! கம்மலுக்காக என்னைக் கொல்லப் பாக்குறாங்க!" ஜன்னலில் தலையை நீட்டி அலறினாள் புருல்.

கார் ஸ்டாண்டில் நின்றிருந்த போலீஸ்காரர் ஓடிவந்து எசெனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "யாருடா இவனுங்க?"

எசென் அழாத குறை. "கார் நெறஞ்ச மாதிரி காட்டுறதுக்கு, சம்சா வாங்கிக் குடுத்து நான் உக்கார வெச்ச ஆளுங்க சார். நெசமான பயணிங்க வந்தா எறங்கிடணும். அவங்க பின்னாடி வந்து நிக்கிறாங்க, இவனுங்க எறங்க மாட்டேங்கிறானுங்க!"

"கொலைகாரன் யாருன்னு தெரியாம எப்படி சார் எறங்குறது?" என்றான் செருப்புக்காரன். "இன்னும் நாலரை மணி நேரக் கதை பாக்கி இருக்கு."

"போனை நிறுத்த வேண்டியதுதானேடா?"

"நிறுத்தப் போனேன் சார். கையைக் கடிச்சிட்டான்."

புருல் மணியைப் பார்த்தாள். ஒன்பதரை. சட்டென்று அலறலை நிறுத்தினாள்.

"தம்பி, உள்ள நாலு பேர் இருக்கோமா இல்லையா? எடு வண்டிய!"

"அக்கா கேக்குறது நியாயம்தானே" என்று போலீஸ்காரர் கதவைச் சாத்தினார். எசென் தலையில் அடித்துக்கொண்டு சாவியைத் திருகினான்.

மூன்று மணிக்கு முன்பே பெண்ணின் காதில் கம்மல் ஏறிவிட்டது.

நாரின் கார்களில் ஒன்பது வருடமாகத் தினமும் ஏறி உட்கார்ந்த அந்த மூன்று பேரும், அன்றுதான் முதல்முறையாக நாரினைப் பார்த்தார்கள்.