நீல ஸ்வெட்டர்

நாளை மறுநாள் கிறிஸ்துமஸ். சன்னல் வெயில் தையல் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. தையல்காரர் தன் அம்மாவுக்குக் கொடுக்கப்போகும் தலையணை உறைக்கு ஓரம் அடிக்கிறார். எதிரே மனைவி நீல ஸ்வெட்டரின் இரண்டாவது கையைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். மகளுக்கான குல்லா முடிந்து, மடித்து வைத்தாயிற்று. திடீரென்று மிஷின் நிற்கிறது. "அது யாருக்கு?" அவள் ஊசிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க தம்பிக்கு. அத்தை வரச் சொல்லியிருக்காங்க." அப்பாவின் சாவுக்குக்கூட வராத தம்பி. மூன்று வருடமாக அந்தப் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறவர் இவர். இப்போது எழுந்து வந்து ஸ்வெட்டரை அவள் கையிலிருந்து வாங்குகிறார். ஊசியில் நிற்கும் கண்ணிகள் நழுவிவிடுமோ என்று அவளுக்குப் பதறுகிறது. கத்தரி அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. அவர் ஸ்வெட்டரை மேசைமேல் விரிக்கிறார். தோளைச் சாண் போட்டு அளக்கிறார். தாடை இறுகுகிறது. "என் சட்டையை வச்சு அளவெடுத்தியா?" "ஆமாங்க." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கிறார். "இந்தக் கை நீளம் அவனுக்குப் பத்தாது. ரெண்டு விரல்கடை கூடப் பின்னு." மிஷின் மறுபடி ஓடத் தொடங்குகிறது. தலையணை உறையில் தையல் கோணலாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் நிறுத்தவில்லை.