புதன்கிழமை சாட்சி

“இவன்தான்.”

வெட்டுப்பட்ட வலது கையைத் தூக்க முடியாமல், தோட்டத்துக் கணக்கு எழுதும் சபாபதி கிராணி இடது கையால் குற்றவாளிக் கூண்டைக் காட்டினார்.

கூண்டில் வீரமுத்து. லாபிஸ் பக்கத்தில் அதே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். ஜொகூர் பாரு கோர்ட்டுக்கு ரயிலேறி வந்திருந்த அவன் மனைவி ராசம்மா பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன், ஸ்டேஷனிலிருந்து சம்பளப் பணத்தோடு வந்த கிராணியை ரப்பர் காட்டில் இரண்டு பேர் மறித்து வெட்டிவிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

“சாயங்காலம் ஆறரை மணி. காட்டுக்குள்ள இருட்டியிருக்கும். முகம் தெரிஞ்சுதா?” வீரமுத்துவின் வக்கீல் கேட்டார்.

“முகத்துல கட்டின துணி விலகிடுச்சு. தினம் காலையில பேர் கூப்பிடுறவன் நான். போலீஸ்ல எட்டுப் பேரை வரிசையா நிறுத்தினாங்க. நேரா இவன்கிட்டதான் போனேன்.”

கிராணி பொய் சொல்கிற ஆள் இல்லை. ராசம்மாவின் பயமே அதுதான்.

லாக்கப்பில் பார்க்கப் போனபோதெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அந்த நேரத்துல எங்க இருந்தீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

“நான் வெட்டல. அதுக்கு மேல கேக்காத.”

வேறு இடத்தில் இருந்ததற்குச் சாட்சி இல்லையென்றால் பத்து வருஷம், கூடவே பிரம்படி என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

இப்போது அந்த வக்கீலே எழுந்து, “ஒரு சாட்சி வந்திருக்கிறது” என்றார்.

சாட்சிக் கூண்டில் ஏறியவள் பேச்சியம்மாள். ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், காட்டோரக் குடிசையில் தனியாக இருந்து காய்கறி பயிரிடுகிறவள். புருஷன் அவளை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறி இரண்டு வருஷம் என்று தோட்டத்தில் சொல்வார்கள்.

“அன்னைக்குப் புதன்கிழமை. அஞ்சு மணியிலேருந்து ஏழரை வரைக்கும் இவரு என் வீட்டுலதான் இருந்தாரு. வந்ததையும் போனதையும் ரயில் கேட்டுக்காரரு பார்த்திருக்காரு.”

“வேணாம் பேச்சி,” என்றான் வீரமுத்து. கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

“எதற்காக வந்தான்?” சர்க்கார் வக்கீல் விடவில்லை.

அவள் தலை குனிந்தாள். “எல்லாப் புதன்கிழமையும் வருவாரு. தனியா இருக்குற பொம்பள வீட்டுக்கு ஆம்பள எதுக்கு வருவாரு?”

அதை இங்கிலீஷில் சொன்ன துவிபாஷிகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கேட்டுக்காரர் மணியமும் வந்து, ஆமாம், பார்த்தேன் என்றார். இருட்டில் கிராணி ஆளைத் தவறாக அடையாளம் காட்டிவிட்டார் என்று மறுநாள் வீரமுத்துவுக்கு விடுதலை.

திரும்பும் ரயிலில் ராசம்மா வேறு பலகையில் உட்கார்ந்துகொண்டாள். புருஷன் பிழைத்துவிட்டான். ஆனால் அழுகை நிற்கவில்லை.

அடுத்த புதன்கிழமை, ஐந்து மணிக்கு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ராசம்மாவால் பொறுக்க முடியவில்லை. பின்னாலேயே போய்க் குடிசைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே வீரமுத்து ஓர் ஆளைக் கைக்குழந்தைபோல் தாங்கிப் பிடித்திருந்தான். பேச்சியம்மாள் வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஆளுக்குக் கால்விரல்கள் இல்லை. மூக்கு அமுங்கிப்போயிருந்தது. கப்பலேறிப் போனதாகச் சொன்ன அவள் புருஷன்.

பெருவியாதி.

“தெரிஞ்சா சர்க்கார்ல கொண்டுபோய் அடைச்சிருவாங்க அக்கா. அப்புறம் பார்க்கவே முடியாது,” என்றாள் பேச்சியம்மாள். “என்னால தனியா தூக்க முடியல. ஒரே கப்பல்ல வந்த கூட்டாளின்னு இவருதான் வந்து தூக்குவாரு. யார்கிட்டயும், உங்ககிட்டகூட, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்.”

ராசம்மா கதவைச் சாத்திவிட்டு, அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பானையை இறக்கி அவள் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை, தண்ணிக் குழாயடியில் பக்கத்து வீட்டு அங்கம்மா கொதித்தாள். “உன் குடும்பத்தைக் கெடுத்தவள நீ சும்மா விட்டாலும் நாங்க விடமாட்டோம். வாங்கடி, போய் அவ குடிசையப் பிரிச்சுப் போட்டுட்டு வருவோம்.”

பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள்.

“வேணாம் அங்கம்மா,” என்றாள் ராசம்மா. “அவ ரொம்பக் கெட்டவ. அவ மூஞ்சியில முழிக்கிறதே பாவம். அந்தப் பக்கமே யாரும் போயிடாதீங்க.”