பல்லிளிக்கும் கழுதை

மாம்பழக்கூழ் ஆலையின் அழுகல் நெடி அந்தச் சித்தூர் அறையில் மதியம்கூட நிற்கிறது. ஆன்லைன் ஆட்டத்துக்கு ஆள் சேர்க்க நண்பர்களின் அரட்டைக் குழுவில் கிரண்குமார் அமைத்த சாட்பாட், வரவில்லை என்பவர்களுக்குத் தானாகவே பல்லிளிக்கும் கழுதைப் படத்தை அனுப்புகிறது. "நைனாவ ஆஸ்பத்திரில சேத்துக்கினு கீறேன், இன்னிக்கு வரல" என்று தமிழ்செல்வன் எழுதுகிறான். மறுநொடியே கழுதை இளிக்கிறது. அதன் கீழே நண்பர்களின் சிரிப்பு முகங்கள் புழுக்களாய்ப் பெருகுகின்றன. "சூப்பர் செட்டிங் மாமா" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யஸ்வந்த் சிப்ஸ் தின்றுகொண்டே தொடையைத் தட்டுகிறான். கிரண் அந்தக் கழுதையையே வெறிக்கிறான். அந்தப் படத்தைத் தேடி எடுத்தது அவன் விரல்தான். "மிஷினுக்கு இன்னாடா தெரியும், வுடு" என்கிறான் யஸ்வந்த். "எனக்குத் தெரியும்ல" என்று கிரண் சாட்பாட்டை நிறுத்திவிட்டுத் தமிழ்செல்வனைக் கூப்பிடுகிறான். மறுமுனையில் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுகிறது. "எந்த வார்டுடா? நான் வரேன்." தமிழ்செல்வனின் பதில் வருகிறது: "வர்றப்ப அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக்கினு வா."