லீப் வருடத்துச் சாப்பாடு

"அப்பா காலையில ரெண்டு காபி குடிப்பாரு. உன் வீட்டுல ஒண்ணுதான் குடுப்பே. அப்புறம் காபிச் செலவுல நான் எதுக்குப் பாதி போடணும்?"

"அண்ணே, உன் வீட்டுல ரெண்டு காபி குடுத்தாலும் ரெண்டுலயும் பால் கிடையாது. அதுக்கு நான் எதுக்குப் போடணும்?"

வங்கியின் நடுக்கூடத்தில் அண்ணனும் தம்பியும் இப்படிக் கூவிக்கொண்டிருக்க, பாஸ்புக் பதிய வந்தவர்கள் பதிந்த பிறகும் நகரவில்லை. காசில்லாமல் கிடைக்கும் காட்சியை யார் விடுவார்கள்?

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஏற்றி இறக்கிப் பேசுவது தொழிலோடு வந்தது. தம்பி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் பார்வையையெல்லாம் திருத்துகிறவர். தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது மட்டும் தெரியாது.

அம்மா காலமாகி நாலு வருடமாக அப்பா வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அது பிள்ளைகளுக்குக் கௌரவக் குறைச்சலாம். ஆகவே ஒரு ஏற்பாடு. பெரியவன் வீட்டில் ஆறு மாதம், சின்னவன் வீட்டில் ஆறு மாதம். இருவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்கு; அதைத் தொடங்கத்தான் இன்று வங்கிக்கு வந்தது. அப்பாவின் பென்ஷன் அதில் விழும். போதாததை ஆளுக்குப் பாதி போடுவார்கள். அப்பாவிடம் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். எங்கே போகிறாய் என்று பார்சலை யாராவது கேட்பார்களா?

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் சில்லறைச் சண்டை, சீட்டுச் சண்டை, ஒரு தடவை பிரசவமே நடந்தும் தலையைத் திருப்பாதவர். எதிரே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். இப்போதும் அதிகாரியம்மாவின் மேஜை முன்னால், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது.

"நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க சார். அதுவரைக்கும் அடுத்த டோக்கனைப் பாக்கறேன்" என்றார் அதிகாரியம்மா.

அடுத்த டோக்கன், தோளில் தோல்பை மாட்டிய ஒரு நரைத்த அம்மாள். அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பின்னால் சண்டை காபியிலிருந்து கரண்டுக்கு ஏறி, இரு வீட்டு மருமகள்களையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் களைத்தது.

"சரி விடுண்ணே. எல்லாத்துலயும் பாதிப் பாதி."

அண்ணன் தலையாட்டப் போனார். அப்பா திரும்பாமலே கேட்டார்:

"அப்ப என் பல்செட்டு? மேல்வரிசை பெரியவன், கீழ்வரிசை சின்னவனா?"

மறுபடி பற்றிக்கொண்டது.

"மேல்வரிசை உடைஞ்சதே உன் மாமியார் வீட்டு விருந்துல எலும்பைக் கடிச்சுத்தான். நீயே கட்டு."

"எலும்பை எடுத்து வச்சது யாரு? நீதானே, 'சாப்பிடுங்கப்பா'ன்னு?"

அதிகாரியம்மா ஒரு காகிதத்தை நகர்த்தினார். அப்பா கையெழுத்துப் போட்டார். அதிகாரியம்மா போட்டோ கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மீசைக்குச் சாயம் பூசி எடுத்த புத்தம்புது போட்டோ.

பல்செட்டும் பாதியானது. அண்ணன் மூச்சு விட்டார். அப்பா கண்ணாடித் தடுப்பை ஒரு பார்வை பார்த்தார்.

"லீப் வருஷத்துல ஒரு நாள் கூட வருமேடா. அன்னிக்கு நான் எங்க சாப்பிடறது?"

பாஸ்புக் பதிய வந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பிப்ரவரி யார் பங்கில் வருகிறது என்பதில் தொடங்கி, சின்ன வயதில் யார் அதிகமாகத் தின்றான் என்பது வரை போய், கடைசியில் தீர்ப்பானது: அன்றைக்கு மட்டும் ஓட்டல், பில் பாதிப் பாதி.

போரை வென்ற களையோடு இருவரும் மேஜைக்கு வந்தார்கள்.

"மேடம், கணக்கை ஆரம்பிச்சிடலாம்."

"ஆரம்பிச்சாச்சே" என்று அதிகாரியம்மா பாஸ்புக்கை நீட்டினார்.

அண்ணன் கையை நீட்டினார். அதற்குள் அப்பா வாங்கிப் பக்கத்து அம்மாளிடம் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் இரண்டு போட்டோக்கள். ஒன்று சாய மீசை. இன்னொன்று நரைத்த முடி.

"இவங்க யாருப்பா?"

"நான் ஓட்டின பஸ்ஸுல கண்டக்டர். இவங்க பென்ஷனும் என் பென்ஷனும் இதுல விழும். வீட்டுச் செலவு ரெண்டு பேருக்கும் பொது."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் சண்டை போட்டிருப்பீங்களாடா? மேடம் ஃபாரம் நிரப்ப வேணாமா?"

அந்த அம்மாள் பாஸ்புக்கைத் தோல்பைக்குள் போட்டு எழுந்தார். "வழியை விட்டுத் தள்ளி நில்லுங்கப்பா" என்று பிள்ளைகளை விலக்கிவிட்டு, மேஜையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம் ரைட்."

அப்பாவின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது அண்ணனா தம்பியா என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள், மணமக்கள் பழைய டெப்போக்காரர்களை வைத்துக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வேறு ஊருக்கே குடிபோய்விட்டார்கள்.